ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை

அவள் சொன்னதை நான் பல வருஷங்களாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. என் தம்பி ஆவுடையப்பன் இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒரு வருஷம் முடிவதற்குள் அந்த வால்விலேயே ரத்தம் கட்டிச் செத்துப்போனான். ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் அவனுக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். கீரை மிஞ்சினால், அதிலும் முருங்கைக்கீரை மிஞ்சினால், அந்த மாத்திரை வேலை செய்யாமல் போகும் என்று எல்லாம் முடிந்த பிறகு ஒரு டாக்டர் எங்களிடம் சொன்னார். தம்பி மாதக்கணக்கில் தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டிருந்தான். அவன் மனைவி செண்பகவல்லி அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நர்சம்மா ரத்தத்த நீர்க்க வைக்கிற மாத்திரைன்னாங்க. ராத்திரி ஒண்ணு, மறக்காமப் போடச் சொன்னாங்க. கீரையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல." துக்கம் கேட்க வந்தவர்களிடம் அதையே சொன்னாள். முதல் திவசத்திலும் அதையே சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. நான் மாவட்டக் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். ஆயிரம் பேர் கூண்டில் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறவன் தடுமாறுவான். நேற்று நீலச் சட்டை என்றவன் இன்று பச்சை என்பான், பிறகு தலையைச் சொறிவான். வருஷம் தப்பாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறவனைப் பார்த்தால், எழுதிக்கொடுத்தது யார் என்றுதான் வக்கீல்கள் தேடுவார்கள். செண்பகத்துக்கு யார் எழுதிக்கொடுத்திருப்பார்கள்? அவளே எழுதிக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நர்ஸ் சொல்லியிருப்பாள், இவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள், அல்லது வாங்கி மறந்திருப்பாள், பழி தன்மேல் வராமல் இருக்க இப்படி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டாள். இப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் போடும் சோற்றை இரண்டு வருஷமாகச் சாப்பிட்டு வருகிறேன். என் மனைவி காலமான பிறகு மாடியிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு அவள்தான் கொண்டுவருகிறாள். மூடி போட்ட பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆறிரும் அத்தான்" என்பாள். அதற்குமேல் பேச்சு இல்லை. நானும் சாப்பிடுவேன். சந்தேகப்படுகிறவளின் கையால் சாப்பிடுவதற்கு மனுஷனுக்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டியதில்லை, பசி போதும்.

இப்போது அதே மாத்திரை எனக்கும் வந்திருக்கிறது. இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, இப்படி அடித்தால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டும், கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழும் என்று டாக்டர் சொல்லிவிட்டு, "மத்ததெல்லாம் சிஸ்டர் விளக்கமா சொல்வாங்க" என்று கதவைக் காட்டினார். அவர் அனுப்பிய இந்த அறைக்கு வெளியே ‘மருந்து ஆலோசனை’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு வட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கீரைப் படங்கள், மூக்கிலிருந்து ரத்தம் வடியும் ஒரு மனிதனின் படம். அவன் ஏனோ சிரித்த முகமாக இருக்கிறான். மூக்கில் ரத்தம் வரும்போது சிரிக்கிறவனை யார் வரைந்தார்கள்? எனக்கு முன்பே ஒரு கிழவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மாசானமுத்து என்று சிஸ்டர் அவரைக் கூப்பிட்டாள். சிஸ்டரின் பெயர் ஜெபக்கனி. நாற்பது வயதிருக்கும், சட்டைப்பையில் பேனாவோடு ஒரு சின்னக் கத்தரிக்கோலும். என் சீட்டைப் பார்த்தாள். "பிரமநாயகம். தனியாவா வந்தீங்க?" ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து, "வெளியே ஒருத்தர் இருக்காங்க" என்றேன். "வீட்ல சமையல் யாரு?" இதைக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புகை, குடி, சர்க்கரை இவற்றையெல்லாம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். தம்பி மனைவி என்றேன். "வெளிய இருக்கது அவங்கதானா? அப்ப கூப்பிடுங்க. சமைக்கிறவங்க இல்லாம நான் ஆரம்பிக்க மாட்டேன்." கிழவரின் மனைவி சிரித்தாள். "நல்லாச் சொன்னீங்க சிஸ்டர். இவுககிட்ட மட்டும் சொன்னா செவுத்துக்கிட்ட சொன்ன மாதிரி. போன தடவ டாக்டரு அரமணி நேரம் பேசினாரு. வெளிய வந்து, ‘ஃபேன்ல நல்ல காத்து வருதுட்டி’ன்னு சொல்லுதாக." மாசானமுத்து அசையவில்லை. "நல்ல காத்துதான் வந்துச்சு" என்றார்.

எழுந்து கதவு வரை போவதற்குள் கால் கனத்துவிட்டது. இதயம் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் இனி இதயம்தான் காரணம், வசதியாகப் போயிற்று. எதற்குப் பயப்படுகிறேன் என்று நின்று யோசித்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறேன். இந்த அறைக்குள் அவள் உட்கார்ந்து, ஒரு நர்ஸின் வாயால் கீரை என்ற சொல்லைக் கேட்கும்போது அவள் முகத்தில் ஏதாவது ஓடும், அதை நான் பார்த்துவிடுவேன். பார்த்த பிறகு என்ன செய்வது? இத்தனை வருஷம் சந்தேகம் ஒரு மாதிரி சௌகரியமாக இருந்தது. சந்தேகத்தோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம். தெரிந்துகொண்டு இருக்க முடியுமா? வேறு வழி இருக்கிறதா என்று மனம் ஓடியது. மெஸ்ஸில் சாப்பிடலாம், நானே பொங்கிக்கொள்ளலாம், என்ன செய்தாலும் அவளுக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். வராந்தாவில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நேர் கீழே உட்கார்ந்தால் கழன்று விழும் என்று அவளுக்கு ஒரு பயம். மடியில் ஒயர்க்கூடை, அதில் எனக்கு வெந்நீர். "முடிஞ்சிட்டா அத்தான்?" இல்லை, உன்னையும் வரச் சொல்கிறார்கள் என்றேன். "என்னயவா? என்னத்துக்கு?" சமைக்கிறவர்கள் கேட்க வேண்டுமாம். அவள் உடனே எழவில்லை. கூடையின் கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்தாள். "நீங்க கேட்டுட்டு வந்து சொன்னாப் போதாதா?" என்றாள். போதாதாம் என்றேன். அந்த ஒரு கேள்வி என் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. பார்த்தாயா, உள்ளே வரப் பயம், என்று எனக்குள் உட்கார்ந்திருக்கும் அரசு வக்கீல் எழுந்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனபோது, நானும்தான் வரப் பயந்தேன், அதை எதில் சேர்ப்பது என்று தோன்றியது.

ஜெபக்கனி ஒரு மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இது எதுக்கு? யாராவது சொல்லுங்க." மாசானமுத்துவின் மனைவி, "ரத்தத்த நீர்க்க வைக்கதுக்கு" என்றாள். எனக்கு முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் செண்பகம் அசையவில்லை. "அந்த வார்த்தைதான் வேண்டாம்" என்றாள் ஜெபக்கனி. "நாங்களும் முன்னாடி அப்படித்தான் சொல்லிட்டிருந்தோம். ரத்தம் நீர்க்காது. இப்ப இருக்கற மாதிரியேதான் இருக்கும். தேவையில்லாத இடத்துல உறையாமப் பாத்துக்கும், அவ்வளவுதான். நீர்க்கும்னு சொல்லிட்டா வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவீங்க? ரத்தம் ஊறணும்னு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் முருங்கைக்கீரையுமா ஆக்கிப் போட்டுருவீங்க. அன்பாத்தான் போடுவீங்க." அன்பாகத்தான். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியைக் கூட்டிவந்த கார் என் நினைவில் வந்து நின்றது. முன் சீட்டில் நான், பின்னால் நடுவில் அவன், ஒரு பக்கம் செண்பகம், மறுபக்கம் அம்மா. கிளம்பும்போது நான் கார் பிடிக்கக் கீழே போயிருந்தேன். மேலே ஒரு அறையில் நர்ஸ் செண்பகத்திடம் மருந்துகளை விளக்கியது அப்போதுதான், அம்மா தம்பியோடு வார்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது மருந்துப் பை அம்மாவின் மடியில் இருந்தது. திருமங்கலம் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள். "நெஞ்ச அறுத்து இருந்த ரத்தத்தை எல்லாம் எடுத்துட்டு, மிச்சம் கெடக்கதையும் தண்ணியாக்குதுக்கு ஒரு மாத்திரையாம்லா. இது என்ன வைத்தியமோ." தம்பி சிரித்தான். "எம்மா, பால்ல தண்ணி ஊத்துனா நீ பால்காரனத்தான திட்டுவ, இப்ப டாக்டரத் திட்டு." "சிரிக்காதல, தையல் விட்டுரும்" என்றாள் அம்மா. செண்பகம் அப்போது ஏதோ சொன்னாளா? சொன்ன மாதிரியும் இருக்கிறது, லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போன மாதிரியும் இருக்கிறது. முன் சீட்டில் இருந்தவனுக்குப் பின் சீட்டு எப்போதும் பாதிதான் கேட்கும். நீர்த்த ரத்தம். அம்மாவின் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: சோகை பிடித்து, நகம் வெளுத்து, எழுந்தால் தள்ளாடி, ஒன்றுக்கும் ஆகாமல் போவது. ரத்தம் சுண்டிப்போனவளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். நீர்த்துப்போனவனுக்கு வேலை கிடைக்காது. அந்தச் சொல்லை ஒரு தாயிடம் சொல்லி அனுப்பினால் அவள் வேறு என்ன செய்வாள்?

"ஈறுல ரத்தம் வந்தாச் சொல்லணும். மூக்குல வந்தா, சிறுநீர் சிவந்து போனா, மலம் தார் மாதிரி கறுத்துப் போனா, அடிபடாமயே உடம்புல நீலமா கன்னிப்போனா, தலைவலி தாங்க முடியாம வந்தா, காத்திருக்காதீங்க, அன்னிக்கே வாங்க." அவள் சொல்லச் சொல்ல என் நாக்கு தானாக ஈறுகளைத் தடவிப் பார்த்தது. உப்பாக இருந்தது. இன்னும் ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை, அதற்குள் உப்பு. இனிமேல் எச்சிலையும் சந்தேகப்பட வேண்டும், சட்டையைக் கழற்றி முதுகைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உடம்பு ஒரு சாட்சியாகிவிடும், நான் அதை நம்ப மாட்டேன். "மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. பல் டாக்டர்கிட்ட போனா இந்த மாத்திரை சாப்பிடறேன்னு முதல்ல சொல்லணும். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளை ரெண்டாப் போடக்கூடாது. வால்வு மாத்தினவங்க இன்னொண்ணு கவனிக்கணும்." அவள் மாசானமுத்துவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு நெஞ்சுல டிக் டிக்குனு சத்தம் வருதுல்ல?" வருகிறது என்றார். "ராத்திரில எனக்குத் தூக்கம் போவுது" என்றாள் அவர் மனைவி. "அந்தச் சத்தம் அமுங்கிப் போச்சுன்னா உடனே வரணும். சத்தம் இருக்கதுதான் நல்லது." நான் கண்ணை மூடிக்கொண்டேன். தம்பி நெஞ்சிலும் அது கேட்டது. வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டுவான், "மாமா கைக்கடிகாரத்த முழுங்கிட்டேன்ல, மணி என்னன்னு கேளுங்க" என்பான். ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அண்ணே, இப்பல்லாம் சத்தமே கேக்கல, நல்லா செட் ஆயிட்டு போல" என்றான். சந்தோஷமாகச் சொன்னான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "ரத்தம் ஊறிட்டுல்லா" என்றாள். அவள் கையில் அப்போதும் முருங்கைக்கொத்து இருந்தது. உருவிக்கொண்டே பேசினாள், கொத்தை உருவாமல் அவள் பேசி அந்த மாதங்களில் நான் பார்த்ததில்லை. செண்பகம் எங்கே நின்றாள்? இதை ஏன் இத்தனை வருஷம் தேடவில்லை? அந்தக் காலையை எத்தனை முறை திரும்பிப் பார்த்திருப்பேன், ஒரு முறைகூட அவளை அதில் தேடவில்லை. அடுக்களை வாசலில் நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இப்போது தோன்றுவதை நம்பலாமா? வேண்டும் என்று தேடினால் எந்த வாசலிலும் ஒருத்தியை நிறுத்திவிடலாம்.

ஜெபக்கனி அட்டையைக் கீழே வைத்தாள். "இப்ப நான் பேசினது போதும். நீங்க சொல்லுங்க. வீட்டுக்குப் போய் பக்கத்து வீட்ல கேட்டா எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க. பரீட்சை இல்ல. தப்பாச் சொன்னா நான் சரியாச் சொல்லலைன்னு அர்த்தம்." மாசானமுத்துவிடம் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாயங்காலம் மாத்திரை. மறந்தா அடுத்த நாள் ரெண்டு" என்றார். மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "காத்து நல்லா வருதோ?" என்றாள். ஜெபக்கனி சிரிக்காமல், குரலும் மாறாமல், அந்த ஒன்றை மட்டும் வேறு விதமாகச் சொன்னாள், ஒரு நாள் பஸ்ஸை விட்டால் மறுநாள் இரண்டு பஸ்ஸில் ஏறுவீர்களா என்றாள். கிழவர் யோசித்து, மாட்டேன் என்றார். பிறகு சரியாகச் சொன்னார். அவள் செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்கம்மா? சமையல் உங்க கையிலதான். கீரையைப் பத்தி இன்னும் விவரமாச் சொல்லல, சொல்லிட்டு உங்ககிட்ட கேக்கறேன்." அவள் விவரம் சொல்வதற்கு முன்பே செண்பகம் கூடைக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள், தாழ்ந்த குரலில், ஆனால் நிறுத்தாமல். "கீரைய உப்பு மாதிரி நெனச்சுக்கிடணும். எப்பவும் போடுத அளவு போடணும். திடீர்னு கூட்டவும் கூடாது, அறவே விடவும் கூடாது. கூட்டுனா மாத்திரை தோத்துரும், விட்டா மாத்திரை மிஞ்சிரும்." ஜெபக்கனி பேனாவைச் சட்டைப்பையில் குத்தினாள். "உப்பு மாதிரின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா? எங்க டிரெய்னிங்ல இப்படித்தான் சொல்லித் தருவாங்க." செண்பகம், "முன்ன ஒரு நர்சம்மா சொன்னாங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தலை திரும்பவில்லை. கழுத்து மட்டும், என் பக்கம் இருந்த கழுத்து நரம்பு மட்டும், இறுகியது.

அவ்வளவுதான். பல வருஷம் காத்திருந்தது வந்து மடியில் விழுந்தது. நர்ஸ் சொல்லியிருக்கிறாள். டாக்டர் பின்னால் சொன்னதை வைத்து இவள் பேசவில்லை. அந்த டாக்டர் மிஞ்சக்கூடாது என்றுதான் சொன்னார், அறவே விடக்கூடாது என்பதைச் செத்துப்போனவன் வீட்டில் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அது உயிரோடு இருப்பவனுக்குச் சொல்லும் பேச்சு. மதுரையில், அந்த மாடி அறையில், நான் கார் பிடிக்கப் போயிருந்தபோது, ஒரு நர்ஸ் உப்பு என்று சொல்லிப் புரியவைத்து, ஒருவேளை திருப்பிச் சொல்லவும் வைத்து, இவளும் இதே தாழ்ந்த குரலில் நிறுத்தாமல் ஒப்பித்து, சரி என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சு தாளம் தப்பிக் குதித்தது, எண்ணிக்கைக்குள் அடங்காமல் இரண்டு அடித்து ஒன்று விட்டது. தெரிந்திருந்தும் பார்த்துக்கொண்டிருந்தாளா? தெரிந்திருந்தும் அந்த நர்ஸின் தலையில் போட்டாளா? அம்மா சாகும் வரை அந்த நர்ஸை வைதாளே, "அந்தப் பாவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம்பிள்ள இருந்திருப்பான்" என்று பூசை அறையில் விளக்கேற்றும்போதுகூடச் சொல்வாளே, அதைக் கேட்டுக்கொண்டு இவள் எப்படிச் சும்மா இருந்தாள்? இந்தக் கேள்வி வந்து நின்ற இடத்திலேயே என் கோபம் இடறிவிட்டது. அம்மா. அம்மா வைதாள். அம்மாவால் வைய முடிந்தது. தன்னையே வைதுகொள்ளாமல், வைவதற்கு ஒரு ஆள் அவளுக்குக் கிடைத்திருந்தது. கீரை உருவியது அம்மாவின் கை. துவட்டி, பூண்டு தட்டிப் போட்டு, அவன் தட்டில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிக் கவளம் வரை பார்த்தது அம்மா. அந்த அடுக்களையில் செண்பகத்துக்கு அரிசி களையவும் பாத்திரம் துலக்கவும்தான் அனுமதி. பையனுக்கு உடம்பு தேறும் வரை அடுப்பைத் தொடாதே என்று அம்மா சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கீரை மிஞ்சினால் ஆகாது என்று டாக்டர் சொன்ன அந்த நிமிஷம், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடி தளர்ந்தது. கீழே போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்போதுதான் செண்பகத்தின் குரல் வந்தது: நர்சம்மா ரத்தத்த நீர்க்க வைக்கிற மாத்திரைன்னாங்க, கீரையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. புருஷன் செத்து ஒரு மணி நேரம் ஆகாதவள், அழாமல், ஒவ்வொரு சொல்லாக. நான் அவள் வாயைப் பார்த்தேன். வாயை மட்டும் பார்த்தேன், அதுதானே என் தொழில், சாட்சி எந்த இடத்தில் நிறுத்துகிறான், எந்தச் சொல்லில் எச்சில் விழுங்குகிறான். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று பார்க்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். துக்க வீட்டில், திவசத்தில், எப்போது சொன்னாலும் அம்மா காதில் விழும் தூரத்தில் இருந்திருக்கிறாள். அம்மா போன பிறகு, இந்த நான்கு வருஷத்தில், அவள் அதை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. கேட்க ஆளில்லாத சாட்சியம். எழுதிக்கொடுத்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தேன், யாருக்காக எழுதியது என்று தேடவில்லை. ஆனால் இதுவும் நானே கட்டுகிற கதையாக இருக்கலாம். ஒரு சந்தேகத்தை இத்தனை காலம் வளர்த்தவன், அதைக் கீழே போடும்போது அதற்குப் பதிலாகப் பளபளப்பாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பான். அவள் பயந்தும் இருக்கலாம். மாமியாரிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு, பிறகு அந்த மூடிய வாயை மறைக்க நர்ஸை இழுத்திருக்கலாம். அதற்கும் இந்த எல்லா விவரங்களும் பொருந்தும். இரண்டு கதைக்கும் ஒரே தடயம்.

ஜெபக்கனி எனக்கும் ஒரு முறை எல்லாவற்றையும் சொன்னாள், நானும் திருப்பிச் சொன்னேன், சரியாகச் சொன்னேன் போலிருக்கிறது, தலையாட்டினாள். வெளியே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் கூட்டம். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்தோம். செண்பகம் எனக்கும் தனக்கும் நடுவில் கூடையை வைத்தாள். வெந்நீரை ஊற்றி நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். மாசானமுத்து எங்களைக் கடந்து போனார், பின்னாலேயே அவர் மனைவி, "ரெண்டு பஸ்ஸு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். செண்பகம் லேசாகச் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். அவள் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. நான் கேட்பேன் என்று தெரிந்து, கேட்டால் சொல்வதற்கா மறுப்பதற்கா என்று அவளுக்கே தெரியாமல், கூடையின் ஒயர் பின்னலை நகத்தால் எண்ணிக்கொண்டிருந்தாள். "அத்தான், இனிமே ராத்திரிக்கு என்ன வைக்கட்டும்?" என்றாள். எப்பவும் வைப்பதை வை என்றேன். "கீரை?" "எப்பவும் வைக்கிற அளவு." அவள் தலையாட்டினாள். கேள்விகள் எனக்குள் வரிசையாக நின்றன. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால் அது குற்றப்பத்திரிகை. உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டால் குறுக்கு விசாரணை. அம்மாவிடம் சொன்னாயா, சொல்லவில்லையா என்று கேட்டால், சொல்லவில்லை என்கிற பதிலுக்கும் அதிலே ஒரு நாற்காலி போட்டு வைத்ததாகும், அவள் அதில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது. தன் பக்கத்துச் சாட்சியிடம் பதிலை உள்ளே வைத்துக் கேட்கிற கேள்வியை எங்கள் கோர்ட்டில் அனுமதிக்க மாட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார், ஜட்ஜ் என்னைப் பார்ப்பார், நான் அதை எழுதாமல் பேனாவைத் தூக்கிக்கொள்வேன். முப்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள், என் பெயர் இல்லை. தம்ளரைக் கூடைக்குள் வைத்தேன். அவள் பக்கம் திரும்பாமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, சாதாரணமாக, சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது போல, அப்படிப்பட்ட ஒன்றைத்தான் கேட்டேன்: "செண்பகம், இவ்வளவு கீரை வேண்டாம்னு அன்னிக்கு நீ அம்மாகிட்ட சொன்னியே, அப்ப அம்மா உன்ன என்ன சொன்னா?"